மெமரி மேப்பிங் பேட்ச் ரிவ்யூ பண்ணப்ப மாட்டுன அனுபவம் இருந்தா சொல்லுங்க

அஸ்தம்பட்டிக்காரன்:
போன வருஷம் நடந்தது, இன்னும் உறுத்துது. டீம்ல ஒரு தம்பி ஹைப்பர்வைசர் (ஒரே மெஷின்ல பல விர்ச்சுவல் மெஷின ஓட்டற சாஃப்ட்வேர்) கோடுல பேட்ச் போட்டான், கெஸ்ட்டோட (உள்ள ஓடற விர்ச்சுவல் மெஷின்) மெமரிய அன்மேப் பண்றப்ப சும்மா சும்மா டிஎல்பி (சிபியூ ஞாபகம் வச்சிருக்கற அட்ரஸ் மேப்பிங்) ஃப்ளஷ் எதுக்கு, லூப்பு முடிஞ்சதும் ஒரே தடவ அடிச்சிக்கலாம்னு. நாப்பது வரி இருக்கும், ஸ்பீடும் நல்லா வந்துச்சு. அஞ்சு ரோட்டுல ஒரு கையில தட்டுவடை செட்டு, ஒரு கையில ஃபோனு, அப்படியே ஓகே போட்டுட்டேன்.

மறுநாள் ஏற்காடு பஸ்ல போறேன். ஒரு கொண்டை ஊசில பஸ்ஸு முக்கிட்டு திரும்புது, மேலேருந்து வந்த லாரி ஒதுங்கி வழி விட்டுச்சு. அப்பதான் பொட்டுனு ஒறைச்சது, அய்யோ அந்த லூப்பும் நடுவுல லாக்க விட்டு மத்த த்ரெட்டுக்கு வழி குடுக்குமே, விடறதுக்கு முன்னாடி ஃப்ளஷ் இல்லியே! அந்த கேப்புல இன்னொரு த்ரெட்டு வந்து, பேஜ் டேபிள்ல (மேப்பிங் எழுதி வச்சிருக்கற எடம்) என்ட்ரி இல்ல அப்ப ஃப்ளஷ்ஷும் வேணாம்னு நம்பி பேஜ வேற ஆளுக்கு குடுத்துரும், கெஸ்ட்டு பழைய அட்ரஸ்லயே எழுதிட்டு கெடக்கும். ஃபோன்ல ஒரு புள்ளி சிக்னல் இல்ல. 20 வளைவும் ஏறி ஏரிக்கிட்ட போய்தான் ஃபோன் கால் போச்சு, அதுக்குள்ள மெர்ஜ் ஆயிருச்சு.

தாரமங்கலத்தான்:
தப்பா நினைக்காதீங்கண்ணா, ஃபோன்ல டிஃப் பாத்தது உங்க தப்பு. மாத்துன வரிக்கு மேல 3 கீழ 3 தான் காட்டும், லாக்க விடற வரிய யாரும் தொடவே இல்ல, எப்படி கண்ணுல படும்? எனக்கு நடந்தது வேற, லைவ் மைக்ரேஷன்லயும் (ஓடற கெஸ்ட்ட நிறுத்தாம வேற மெஷினுக்கு மாத்தறது) 2 எம்பி பேஜ உடைக்க வேணாம்னு ஒருத்தர் பேட்ச். ஒரு பைட் எழுதுனாலும் மொத்த 2 எம்பியும் டர்ட்டி, திரும்ப காப்பி பண்ணணும், அதாவது 4 கேபி கணக்குல 512 பேஜு. விடிய விடிய காப்பி ஆச்சு, முடியல.

சேர்வராயன்:
எனக்கு ஒரு தடவ கெஸ்ட்டு செத்துச்சு, பேட்ச்ச எடுத்ததும் சரியாச்சு, அவ்ளோதான். ஆனா தாரமங்கலம் சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க, கெஸ்ட்டு, ஹோஸ்ட்டு ரெண்டு பக்கமும் 4 லெவல் பேஜ் டேபிள்னா ஒரு டிஎல்பி மிஸ்ஸுக்கு 24 தடவ வரைக்கும் மெமரிய தொடணும், உடைச்சா மிஸ்ஸு கூடி ஓடிட்டிருக்கற கெஸ்ட்டு இழுக்கும், மைக்ரேஷன் பாதில நின்னு போனா திரும்ப ஒட்டணும், அத பேட்ச்ல பாருங்க. அப்புறம் டெஸ்ட்ட ஒரு விசிபியூல (கெஸ்ட்டுக்கு குடுக்கற விர்ச்சுவல் சிபியூ) ஓட்டாதீங்க, நிறைய குடுங்க, ஹோஸ்ட்ல மெமரிய நெருக்கி ஸ்வாப் ஆக விடுங்க, கேஎஸ்எம் (ஒரே மாதிரி பேஜ ஒண்ணா சேக்கற லினக்ஸ் வசதி) ஆன் பண்ணுங்க, ரெண்டு நாள் ஓடட்டும், வீட்ல ஓட்டறதுன்னா ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கிருங்க.

அஸ்தம்பட்டிக்காரன்:
அந்த தம்பி ரெண்டு நாள் ஓட்டித்தாங்க கொண்டு வந்தான், ஒண்ணும் வரல. ரிவர்ட் போடறப்ப "நீங்கதானேண்ணா ஓகே சொன்னீங்க"ன்னு ஒரு வரி எழுதி அழிச்சிட்டான். எடிட் ஹிஸ்டரில இன்னும் இருக்கு.