ஜிஆர்86-க்கு டர்போ வருமா? ஜோஹானஸ்பர்க்கில் இருப்பவன் காத்திருக்கலாமா?

லெனேசியா சரவணன்:

எல்லாருக்கும் வணக்கம். ஜோஹானஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் இருக்கிறேன், வேலை மிட்ராண்டில். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பல வருடமாகப் பணம் சேர்த்தேன். மனதில் இருப்பது ஒரே வண்டிதான்: டொயோட்டா ஜிஆர்86, மேனுவல் கியர். பணம் சேர்ந்த நேரத்தில் குழப்பமும் சேர்ந்துவிட்டது.

என் மாமா மகன் டர்பனில் இதே வண்டி வைத்திருக்கிறான். உம்லங்காவிலிருந்து பாலிட்டோ வரை எம்4 சாலையில் கடலோரமாக ஓட்டக் கொடுத்தான். மூன்றாவது கியரில் எஞ்சின் முள் நிமிடத்துக்கு 7,000 சுற்றைத் தாண்டியபோது, வாங்கினால் இதைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். அப்புறம் தீபாவளிக்கு அவனும் அவன் மனைவியும் அதே வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இங்கே என்1-இல் ஓட்டிப் பார்த்தேன். அதே வண்டி, அதே டயர். ஆனால் ஏற்றத்தில் நான்காவது கியரில் மிதித்தால் கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்புகிறது. முன்னால் போகிற லாரியைத் தாண்ட இரண்டு கியர் இறக்க வேண்டியிருந்தது.

காரணம் தெரிந்ததுதான். ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அதனால் காற்று மெலிந்திருக்கும். டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி, இல்லாத எஞ்சின் இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். 174 கிலோவாட் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது நமக்கு 145 பக்கம்தான். டர்பன்காரர்களும் நாமும் ஒரே விலையைக் கொடுக்கிறோம்!

இப்போது எங்கே பார்த்தாலும் பேச்சு: டர்போ போட்ட ஜிஆர்86 வரப்போகிறது, ஜிஆர் யாரிஸின் மூன்று சிலிண்டர் எஞ்சினைப் போடுவார்கள், இல்லை சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் எஞ்சின், இல்லை ஜிஆர்எம்என் என்று டொயோட்டா பந்தயப் பிரிவு கொஞ்சமாகச் செய்யும் தனி மாடல். எதை நம்புவது? காத்திருக்கலாமா, இப்போதே எடுத்துவிடலாமா? ஜிஆர் கொரோலா எடு என்று சொல்லாதீர்கள். நான்கு சக்கர ஓட்டம் வேண்டாம், பின் சக்கர ஓட்டம்தான் வேண்டும்.

உம்லங்கா நாதன்:

தம்பி சரவணன், டர்போ வேண்டும் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் உயிரே அந்த டர்போ இல்லாத எஞ்சின்தான். மிதித்த அளவுக்கு அப்போதே பதில் சொல்லும், 7,500 வரை சுற்றும். 2012-இல் வந்த முதல் 86-இல் 2.0 லிட்டர், 205 நியூட்டன் மீட்டர்தான் இழுவிசை. அதுவும் 6,400-க்கு மேல் போனால்தான் முழுதாகக் கிடைக்கும். நடுவில் எஞ்சின் தொய்ந்துவிடும் என்று எல்லாரும் குறை சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் இப்போதைய வண்டியில் 2.4 லிட்டர் ஆக்கி, 250 நியூட்டன் மீட்டரை 3,700 சுற்றிலேயே கொடுத்திருக்கிறார்கள். டர்போ இல்லாமலே அந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? மேட்டுநிலத்தில் இருப்பவர்களுக்குப் போதாது என்றால் அதை நான் மறுக்கவில்லை. கடலோரத்தில் இதை ஓட்டுகிற எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

லாடியம் பாலா:

சரவணன், நான் பிரிட்டோரியாவில் மோட்டார் டெக்னீஷியன். எஞ்சின் டியூனிங்தான் சோறு போடுகிறது. கியாலமி பந்தயத் தடத்தில் ட்ராக் நாட்களில் அடிக்கடி என்னைப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன மூன்று வதந்தியும் மூன்று வேறு விஷயம், தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் டபிள்யூஆர்எக்ஸ் எஞ்சின். 86-இன் எஞ்சினையும் சுபாருதான் செய்கிறது; இரண்டும் ஒரே 2.4 லிட்டர் பாக்ஸர் (சிலிண்டர்கள் படுத்திருக்கும் வகை) குடும்பம் என்பதால்தான் இந்தப் பேச்சு கிளம்புகிறது. குடும்பம் ஒன்றுதான், ஆனால் உள்ளே வேறு. சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதுதான் அமுக்க விகிதம்: 86-இல் 12.5, டபிள்யூஆர்எக்ஸில் 10.6. டர்போ காற்றைத் திணிக்கும்போது 12.5 இருந்தால் எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பித்துவிடும். அப்படியே எடுத்து மாட்டுகிற வேலை இல்லை இது. இன்னொன்று, டபிள்யூஆர்எக்ஸில் டர்போ காற்றைக் குளிர வைக்கும் இண்டர்கூலர் எஞ்சின் தலைமேல் உட்கார்ந்திருக்கும், அதற்காகத்தான் பானெட்டில் அந்தப் பெரிய வாய். 86-இன் முழுக் கணக்கும் எஞ்சினைத் தாழ்வாக வைத்து மூக்கை இறக்குவதுதான். மேலே ஒரு இண்டர்கூலரை ஏற்றினால் அந்தக் கணக்கே கெட்டுவிடும். முன்பக்கம் வைத்தால் மூக்கில் எடை. கியர்பாக்ஸ், பின் டிஃபரன்ஷியல், கூலிங் எல்லாவற்றையும் 350 நியூட்டன் மீட்டருக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். விலை எங்கேயோ போய்விடும். இந்தத் தலைமுறையில் இது வரும் என்று நான் நம்பவில்லை.

இரண்டாவது, மூன்று சிலிண்டர். இதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஜப்பானில் சூப்பர் டைக்யூ என்கிற நீண்டநேரப் பந்தயத்தில் 2022-இலிருந்து டொயோட்டா ஒரு ஜிஆர்86-ஐ ஓட்டியது. கார்பன் சமநிலை எரிபொருளைச் சோதிக்கிற வண்டி அது. அதன் பானெட்டுக்குள் சுபாரு எஞ்சின் இல்லை. ஜிஆர் யாரிஸ் எஞ்சினை 1.4 லிட்டராகக் குறைத்து, டர்போவோடு நீளவாக்கில் வைத்திருந்தார்கள். அதே பந்தயத்தில் சுபாரு, 86-இன் இரட்டைப் பிறவியான தன் பிஆர்இசட்டை 2.4 பாக்ஸரோடு ஓட்டியது. ஆக, அந்த எஞ்சின் இந்த உடலுக்குள் போகும் என்பது நிரூபணமான விஷயம். போகும் என்பதும் ஷோரூமுக்கு வரும் என்பதும் வேறு வேறு. பந்தய வண்டிக்குச் சத்தம், புகை விதி, மோதல் சோதனை, உத்தரவாதம் எதுவும் கிடையாது. தவிர, நிமிர்ந்து நிற்கும் எஞ்சின் பாக்ஸரை விட உயரம். எடை குறைந்தாலும் அந்த எடை மேலே போய்விடும். அடுத்த தலைமுறையில் சுபாரு இல்லாமல் டொயோட்டா தனியாகச் செய்தால் சொந்த டர்போ எஞ்சினைத்தான் போடும் என்பது என் கணிப்பு. 2025 தொடக்கத்தில் டோக்கியோ ஆட்டோ சலூனில் புது 2.0 லிட்டர் டர்போவை நடுவில் வைத்து ஒரு யாரிஸைக் காட்டினார்களே, அவர்கள் கவனம் எங்கே இருக்கிறது என்று அதிலிருந்தே தெரிகிறது.

மூன்றாவது ஜிஆர்எம்என். வந்தால் இதுதான் முதலில் வரும், ஆனால் நீங்கள் தேடுவது இதில் கிடைக்காது. பழைய கதையைப் பாருங்கள். 2016-இல் ஜிஆர்எம்என் 86 என்று நூறே வண்டி, ஜப்பானில் மட்டும். 200-லிருந்து 219 குதிரைத்திறன், அவ்வளவுதான். மீதி உழைப்பெல்லாம் உடல் உறுதி, கார்பன் கூரை, சஸ்பென்ஷன். 2022-இன் ஜிஆர்எம்என் யாரிஸ் 500 வண்டி: பின் இருக்கையை எடுத்தார்கள், ஏறக்குறைய 20 கிலோ குறைத்தார்கள், குதிரைத்திறனைத் தொடவே இல்லை. சுபாருவின் பிஆர்இசட் டிஎஸ்ஸும் அப்படித்தான். நல்ல டாம்பர், பிரெம்போ பிரேக், அதே எஞ்சின். இவர்கள் "அதிக செயல்திறன்" என்று நினைப்பது வளைவில், நேர்சாலையில் அல்ல. அப்படி வந்தாலும் நமக்குக் கிடைக்காது. பழைய வண்டியைத் தனியாள் ஜப்பானிலிருந்து இறக்க இங்கே பொதுவாக அனுமதி இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதையும் வைக்கிறேன். டொயோட்டாவின் பெரிய ஸ்போர்ட்ஸ் கார் சுப்ரா 250 கிலோவாட்டில் வந்தது, சீக்கிரமே 285 ஆக்கினார்கள். கடைசிப் பதிப்பு 320. மனது வைத்தால் டொயோட்டா சக்தியைக் கூட்டும். ஆனால் அது பிஎம்டபிள்யூ டர்போ எஞ்சின், இடம் ஏற்கெனவே இருந்தது. ஜிஆர்86-இல் அந்த இடம் இல்லை.

சாட்ஸ்வொர்த் கோவிந்தன்:

தம்பிகளா, எனக்கு வயதாகிவிட்டது, ஜிஆர்86 பற்றி பாலா அளவுக்குத் தெரியாது. ஆனால் ஜப்பான் என்ன அனுப்பும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற இந்த நாடு ஒரு காலத்தில் தன் வண்டியைத் தானே செய்துகொண்டது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சின்ன வயதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராய் ஹெஸ்கெத் ட்ராக்குக்கு அப்பா கூட்டிப்போவார். 1981-இல் அதை மூடிவிட்டார்கள். பேசில் கிரீன் ஃபோர்டு காப்ரிக்குள் 5 லிட்டர் வி8 எஞ்சினை வைத்துப் பெரானா என்று விற்றார், அது 1970. அதன் சத்தம் வரும்போதே கூட்டம் எழுந்து நிற்கும். அப்புறம் 80-களில் ஒரு வரிசையே வந்தது. பிரிட்ஸ் ஆலையில் ஆல்ஃபா ஜிடிவி6-க்கு 3 லிட்டர் எஞ்சின் போட்டார்கள், இத்தாலியிலேயே அப்போது அது கிடையாது. போர்ட் எலிசபெத்தில் ஃபோர்டு சியரா எக்ஸ்ஆர்8, வி8 போட்டு 250 வண்டி. பிரிட்டோரியாவுக்கு வெளியே ராஸ்லினில் பிஎம்டபிள்யூ 333ஐ: சின்ன 3 சீரிஸ் உடம்பில் பெரிய வண்டியின் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர். எல்லாம் சேர்த்து 204 வண்டிதான் செய்தார்கள். 1990-இல் ஓப்பல் கடெட் சூப்பர்பாஸ், 500 வண்டி.

பந்தயத்தில் ஓட அனுமதி வேண்டுமென்றால் இத்தனை வண்டி விற்றிருக்க வேண்டும் என்று விதி இருந்தது, இவற்றில் பலவற்றை அதற்காகத்தான் செய்தார்கள். ஆனால் பாருங்கள், பெரும்பாலும் எஞ்சின் அளவைத்தான் கூட்டினார்கள். கியாலமியும் மேட்டுநிலம்தானே, அங்கே ஜெயிக்கக் காற்று குறைவதை லிட்டரால் ஈடுகட்டினார்கள். சரவணன் இன்று கேட்கிற கேள்விக்கு அன்று இந்த ஊர் பொறியாளர்கள் கொடுத்த பதில் அது. அந்த ஆலைகளில் நம் ஆட்களும் வேலை பார்த்தார்கள். இன்றும் டர்பனில் ப்ராஸ்பெக்டன் ஆலையில் ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி) உற்பத்தி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டு மேட்டுக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் துணிச்சல் எந்தக் கம்பெனிக்கும் இப்போது இல்லை, அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

லெனேசியா சரவணன்:

கோவிந்தன் ஐயா, 333ஐ பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், 3 லிட்டர் ஆல்ஃபா ஜிடிவி6 இங்கே முதலில் வந்தது என்பது புதுச் செய்தி. நன்றி ஐயா.

பாலா அண்ணா, அப்படியென்றால் இன்னொரு வழி கேட்கிறேன். வண்டியை வாங்கி சூப்பர்சார்ஜர் போட்டுக்கொண்டால்? டர்போவை விடச் சுலபம், மிதித்ததும் பதில் சொல்லும், பெல்ட் மாட்டினால் போதும் என்கிறார்கள்.

லாடியம் பாலா:

சுலபம்தான். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது பாதி மருந்துதான்.

கடலோரத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், உங்கள் வீட்டு வாசலில் 82, 83. சூப்பர்சார்ஜரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. எஞ்சின் இவ்வளவு சுற்றினால் அது இவ்வளவுதான் சுற்றும், உள்ளே வருகிற காற்றை ஒரு குறிப்பிட்ட மடங்குதான் அழுத்தும். வருகிற காற்றே மெலிந்திருந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் மெலிந்துதான் போகும். சக்தி கூடும், ஆனால் டர்பனில் அதே கிட் போட்டவரை விட நீங்கள் அதே ஆறில் ஒரு பங்கு பின்னால்தான் இருப்பீர்கள். சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்ற வைக்கலாம். அப்போது வண்டியை டர்பனுக்கு இறக்கினால் அழுத்தம் கூடிவிடும், அதற்குத் தனியாக டியூன் வேண்டும்.

டர்போ அப்படி இல்லை. அதைச் சுற்றுவது புகைக்காற்று. குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை, மிச்சப் புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட் என்கிற கதவு மூடியே இருக்கும், டர்போ தானாக இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிக்கொள்ளும். இலவசமாக இல்லை: அதே அழுத்தத்துக்கு அதிக மடங்கு அமுக்க வேண்டும், காற்று சூடாகும், கொஞ்சம் தாமதமாகும். ஆனாலும் இழப்பு மிகக் குறைவு. அதனால்தான் ஏறக்குறைய ஒரே எடையுள்ள ஜிஆர் யாரிஸ் இங்கே 86-ஐ அவ்வளவு தூரம் விட்டுவிட்டுப் போகிறது.

பெட்ரோலையும் மறக்காதீர்கள். மேட்டுநிலத்தில் மட்டும் 93 ஆக்டேன் விற்கிறார்கள், கடலோரத்தில் அது கிடையாது. காற்று மெலிந்திருப்பதால் சாதாரண எஞ்சின் 93-இல் தட்டாமல் ஓடும் என்பதுதான் காரணம். காற்றைத் திணித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். எதை மாட்டினாலும் 95 மட்டும்தான் ஊற்ற வேண்டும், டியூனரிடமும் அதை முதலிலேயே சொல்லுங்கள். 12.5 அமுக்க விகிதத்தில் பூஸ்ட் போடுகிறவன் பேராசைப்பட்டால் பிஸ்டன் போய்விடும். என் பட்டறைக்கு அப்படி வந்த எஞ்சின்களைத் திறந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் முதல் ஒரு வருடம் எஞ்சினைத் தொடாதீர்கள், உத்தரவாதம் போகும். இழுவை வேண்டுமென்றால் பின் அச்சு விகிதம், அதாவது பின் அச்சில் இருக்கும் கடைசிப் பல்சக்கர விகிதம், ஒரு வழி. இப்போது மேனுவலில் 4.1. முந்தைய தலைமுறையில் 2017-இல் டொயோட்டாவே அதை 4.3 ஆக்கியது. ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் விசை ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். என்1-இல் 120-இல் போகும்போது எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், அவ்வளவுதான். இதற்கும் உத்தரவாதத்தைப் பற்றி டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கியாலமிக்கு வருவதாக இருந்தால் அதற்கு முன்னால் பிரேக் திரவத்தையும் பேடையும் மாற்றுங்கள். எஞ்சினை மட்டும் இல்லை, பிரேக்கைக் குளிர வைப்பதும் இந்த மெல்லிய காற்றுதான். அங்கே மைன்ஷாஃப்ட் என்கிற இறக்கத்தில் பிரேக் பெடல் மெத்தென்று போனால் அந்த நாள் அங்கேயே முடிந்தது.

உம்லங்கா நாதன்:

பாலா சொன்ன பின் அச்சு யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. சரவணன், ஐரோப்பாவில் 2024-லிருந்து புதிய பாதுகாப்பு விதியால் இந்த வண்டியின் விற்பனையே நின்றுவிட்டது. இங்கே இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. டர்போவுக்காகக் காத்திருந்து இதையும் விட்டுவிடாதீர்கள்.

லெனேசியா சரவணன்:

ஐரோப்பா விஷயம் என்னை அசைத்துவிட்டது அண்ணா. சனிக்கிழமை டீலரிடம் போகிறேன், மேனுவல்தான், எஞ்சின் அப்படியே இருக்கட்டும். 4.3 பற்றி எழுத்தில் என்ன பதில் தருகிறார்கள் என்று இங்கேயே போடுகிறேன். பாலா அண்ணா, வண்டி வந்ததும் லாடியம் பக்கம் வருகிறேன், பேடும் திரவமும் உங்களிடமே மாற்றிக்கொள்கிறேன். எந்த பேடு வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.