ஜூலையில் ஸ்காட்லாந்துக் காட்டில் டென்ட், ஸ்வெட்டர் போதுமா?

கோத்தகிரிக்காரி:
தங்கை கிளாஸ்கோவில் இருக்கிறாள். ஜூலையில் நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் (12 வயது, 9 வயது) பத்து நாள் போகிறோம். பிள்ளைகளுக்குக் கோட்டை, மியூசியம் எதுவும் வேண்டாமாம், காட்டுக்குள் டென்ட் போட்டுத் தூங்க வேண்டுமாம். லாங்வுட் சோலைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் ஒரு ராத்திரி வெளியே படுத்ததில்லை. இங்கே யார் விடுவார்கள், காட்டெருமை ஒரு பக்கம், வனத்துறை ஒரு பக்கம். அங்கே எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம் என்று தங்கை சொல்கிறாள், நம்பலாமா? அப்புறம், ஊட்டிக் குளிரையே பார்த்த நமக்கு ஜூலைக் குளிரெல்லாம் ஒரு குளிரா, ஸ்வெட்டர் போதும் என்கிறார் வீட்டுக்காரர்.

குன்னூர் மேல்கடை:
தங்கை சொல்வது பெரும்பாலும் சரி. நான் எடின்பரோவில் நாலு வருஷம் இருந்தேன். 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி அங்கே தனியார் நிலத்தில்கூட நடக்கலாம், சின்ன டென்ட் போட்டுத் தங்கலாம், ஆனால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் கூடாது, வீடு, பயிர் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல், கிளாஸ்கோவிலிருந்து எல்லோரும் முதலில் ஓடுவது லாக் லோமண்ட் ஏரிக்குத்தான், அங்கே கரையோரப் பகுதிகள் பலவற்றில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை பெர்மிட் இல்லாமல் டென்ட் போட்டால் அபராதம். நானே தெரியாமல் போட்டு ராத்திரி எட்டு மணிக்குக் கழற்றினேன் (நல்லவேளை, வெளிச்சம் இருந்தது. ஜூலையில் பத்து மணிக்குத்தான் இருட்டும், பிள்ளைகளைத் தூங்க வைப்பது உங்கள் பாடு).

முதல் தடவை, அதுவும் பிள்ளைகளோடு என்றால் க்ளென்மோர் காட்டுக்குப் போங்கள். கிளாஸ்கோவிலிருந்து ஏவிமோர் ஊர் வரை ரயில், மூன்று மணி நேரத்துக்குள்தான், அங்கிருந்து பஸ். லாக் மார்லிக் ஏரிக்கரையிலேயே கேம்ப் சைட், கழிப்பறை, குளிக்கத் தண்ணீர் எல்லாம் உண்டு. ஏரிக்கு மணல் கரை இருக்கிறது, படகு வாடகைக்குக் கிடைக்கும், பைன் காட்டுக்குள் நடக்க, சைக்கிள் ஓட்டப் பாதைகள். 1952-இல் கொண்டுவந்து விட்ட கலைமான் கூட்டம் இன்னும் அந்த மலையில் மேய்கிறது, பிள்ளைகள் அதைவிட்டு வரமாட்டார்கள். கரடி, ஓநாய் கிடையாது. காட்டுக்குள் தீ மூட்டாதீர்கள், அடுப்பு மட்டும்தான்.

வட்டக்கானல் சித்தப்பு:
மிருகம் இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள் அக்கா, மிட்ஜ் என்று ஒரு பூச்சி இருக்கிறது, கொசுவில் கால்வாசிகூட இருக்காது, கூட்டமாக வந்து முகத்தை மொய்க்கும். நம்ம ஊர் அட்டையாவது ஒவ்வொன்றாக வரும், உப்பைத் தடவினால் விழும். இதற்குக் காற்று வீசும் இடமாகப் பார்த்து டென்ட் போடுவதுதான் வழி, காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது. தலைக்கு வலை தொப்பி அங்கேயே கடையில் வாங்குங்கள். உண்ணியும் உண்டு, லைம் நோய் பரப்பும், ராத்திரி பிள்ளைகளின் கால் மடிப்பு, அக்குள் பார்த்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

குன்னூர் மேல்கடை:
ஸ்வெட்டர் விஷயம் விட்டுப்போச்சு. அங்கே உயர்ந்த மலை பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான், நம்ம குன்னூர் அதைவிட உயரம். இதை நம்பி நான் டீ சர்ட்டில் ஏறி, நடுங்கிக்கொண்டே இறங்கினேன். உயரத்தை வைத்துக் குளிரைக் கணக்குப் போடும் புத்தி அங்கே செல்லாது, வடக்கே அவ்வளவு தூரம் போய்விட்டோம். ஸ்வெட்டர் நனைந்தால் கனம்தான், மேலே போட நல்ல மழை ஜாக்கெட் வேண்டும், தரையிலிருந்து ஏறும் குளிருக்குப் பாய் மாதிரி ஒரு மேட் வேண்டும்.

இன்னொன்று, முக்குருத்திப் பக்கம் மஞ்சளாகப் பூத்துப் புல்வெளியைத் தின்னும் ஸ்காட்ச் ப்ரூம் அங்கே சொந்த ஊர்ச் செடி, பார்த்தால் கோபப்படாதீர்கள்.

கோத்தகிரிக்காரி:
பென் நெவிஸ் கணக்கைக் காட்டினேன், மனிதர் வாயைத் திறக்கவில்லை. சரி, போவதற்கு முன் ஒரு ராத்திரி வீட்டு முற்றத்தில் டென்ட் போட்டுப் பழகலாம் என்று பார்த்தால் போன வாரம்தான் கரடி வந்து பக்கத்து வீட்டுக் கதவைப் பிறாண்டிவிட்டுப் போயிருக்கிறது. கேஸ் அடுப்பு இங்கிருந்து எடுத்துப் போகலாமா?

வட்டக்கானல் சித்தப்பு:
மொட்டை மாடியில் போடுங்கள், ஆணிக்குப் பதில் தண்ணீர் டிரம்மில் கயிற்றைக் கட்டுங்கள். கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கே வாங்குங்கள். நெய் பாட்டிலும் வேண்டாம், பால் பொருள் என்று பிடுங்கிவிடுவார்கள். டீத்தூள் தாராளமாகக் கொண்டு போங்கள்.