தம்பிக்கு ஸ்டெம் செல்: கொடுத்தவர்கள் சொல்வது

காவிரிக்கரை:

தம்பிக்கு அக்யூட் மைலாய்டு லுக்கீமியா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியது. திரும்பி வராமலிருக்க ஸ்டெம் செல் மாற்று, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்களை இன்னொருவரிடமிருந்து எடுத்து ஏற்றுவது, செய்துவிடலாம் என்றார்கள். அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் நானும் அண்ணனும்தான். எச்.எல்.ஏ. என்பது நம் செல் எது, வேற்று செல் எது என்று உடம்பு கண்டுகொள்ளும் அடையாளம். அந்த வகை அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருவதால், உடன்பிறந்தவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். எனக்குப் பொருந்தியது, அண்ணனுக்கு இல்லை. அன்றைக்கு அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்னால் முடியவில்லையே என்ற வருத்தம் என்று பிறகு அண்ணி சொன்னார். அண்ணன் இப்போது தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் பெயர் பதிந்து வைத்திருக்கிறார், யாருக்காவது பொருந்தட்டும் என்று.

நான் பி பாசிட்டிவ், தம்பி ஓ பாசிட்டிவ். "குரூப்பே வேற, எப்படிம்மா சேரும்?" என்று தெருவில் கேட்காத ஆளில்லை. சேரும். முக்கியமாகப் பார்ப்பது எச்.எல்.ஏ.தான். குரூப் வேறாக இருந்தால் அதற்கான முன்னேற்பாடுகளை அவர்களே செய்துகொள்வார்கள். அவன் உடம்பில் ரத்தத்தை உண்டாக்குவது என் செல் என்பதால் இப்போது தம்பியும் பி பாசிட்டிவ்.

இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாதது. கீமோ சமயத்தில் பிளேட்லெட் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், வீட்டு ஆட்கள்தான் முதலில் கையை நீட்டுவோம். ஸ்டெம் செல் மாற்று வரலாம் என்றால் உடன்பிறந்தவர்கள், அப்பா, அம்மா யாரும் நோயாளிக்கு ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று எங்கள் டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சொந்தக்காரர் ரத்தம் முன்னாலேயே ஏறினால் நோயாளியின் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடும். பிறகு அதே குடும்பத்து செல் ஒட்டாமல் போகும் ஆபத்து கூடும். வெளியாட்களைத் தேடுங்கள்.

வீட்டில் பெரிய பேச்சு மாமியாரிடம்தான். "ரெண்டு பிள்ளை பெத்த உடம்பு, எலும்புலேர்ந்து எடுத்தா நாளைக்கு யாரு பார்ப்பா?" என்றார். கோபப்படாதீர்கள், அந்தப் பயத்தில் பாசமும் இருக்கிறது. கலந்தாய்வுக்கு அவரையும் அழைத்துப் போனேன். கையிலிருந்துதான் எடுப்போம், எடுத்ததை உடம்பு சில வாரங்களில் ஈடுகட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதும், "அப்படின்னா சரி டாக்டர், இவளுக்கு என்ன சமைச்சுப் போடணும்?" என்று கேட்டார். முடிந்தது விவாதம்!

ஆனால் அதே டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். "உங்களுக்கு மனசார விருப்பமா? இல்லைன்னா இப்பவே சொல்லுங்க, காரணத்தை வீட்ல சொல்ல மாட்டோம்." ஏன் இப்பவே என்றால், மாற்றுக்கு முன்னால் நோயாளிக்குக் கடுமையான கீமோ கொடுத்து அவருடைய மஜ்ஜையையே அழித்துவிடுகிறார்கள். அது தொடங்கியபின் நாம் பின்வாங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் கணவர், லீவு, பிள்ளைகளை யார் பார்ப்பது, பயம் எல்லாவற்றையும் அந்தக் கீமோவுக்கு முன்னாலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், இ.சி.ஜி., எக்ஸ்ரே, பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை எல்லாம் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். கீமோ தொடங்கியபின் என் வேலை சளி, காய்ச்சல் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. கல்யாண வீடுகளுக்குக்கூடப் போகவில்லை.

பிறகு ஜி.சி.எஸ்.எஃப். ஊசி, மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவழைக்க, நாலைந்து நாள், தோலுக்கடியில். இடுப்பும் முதுகும் நெஞ்செலும்பும் உள்ளுக்குள்ளிருந்து குடையும். பாராசிட்டமால் கேட்கும். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள். செல் எடுக்கும் நாளில் ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல் பிரிந்து, மீதி மறு கையில் திரும்பி வரும். நாலைந்து மணி நேரம். கையை மடக்க முடியாது, மூக்கு அரித்தாலும் நர்ஸ் அக்காதான். உதடு குறுகுறுத்தால் உடனே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தை இறக்குவதால் வருவது, கால்சியம் கொடுத்தால் சரியாகும். நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் செல் வேண்டும், அதற்கு மேலே கிடைத்தால் நல்லது. குறைந்தால் மறுநாளும் எடுப்பார்கள்.

திருப்பூர்க்காரன்:

தங்கைக்கு நான் கொடுத்தது பழைய முறையில். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி குத்தி மஜ்ஜையையே உறிஞ்சி எடுப்பது. முதுகுத்தண்டில் எடுப்பார்கள், கால் விளங்காது என்று சொந்தத்தில் ஒரு பெரிய மனுசன் கிளப்பிவிட்டார். தண்டுவடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்தே நடக்கிற வைத்தியம் என்று கேட்ட பிறகுதான் எங்கப்பா அடங்கினார். எழுந்ததும் இடுப்பு கல்லாட்டம் இருந்தது. குனிந்து செருப்பு மாட்டக் கொஞ்ச நாள் கஷ்டம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

வைகை:

எல்லாம் நல்லபடி முடிந்த கதையாக வருகிறது, என்னுடையதையும் எழுதுகிறேன். அக்காவுக்குக் கொடுத்தேன். செல் ஒட்டியது, ரத்த அணுக்களின் கவுண்ட் ஏறியது, வீட்டுக்கு வந்தாள். பிறகு நோய் திரும்பியது. என்னை மறுபடி அழைத்து வெள்ளணுக்கள் மட்டும் எடுத்து ஏற்றினார்கள். ஒரு தடவையோடு முடியாமலும் போகலாம் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். அக்கா பிழைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த ஒருத்தர், "உன் ரத்தம் அவளுக்குச் சேரலையாமே" என்றார். ரொம்ப நாள் தூங்கவில்லை. திரும்பி வந்தது அவளுடைய பழைய லுக்கீமியா செல், நீ கொடுத்தது கடைசிவரை அதோடு சண்டை போட்டது என்று டாக்டர் ரிப்போர்ட்டை வைத்து விளக்கினார். கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தோல்வியாகப் போனாலும், நம் செல் அவர்கள் தோலையோ குடலையோ தாக்கினாலும், அது நாம் ஒழுங்காகச் சாப்பிடாததாலோ மனசில் தயங்கியதாலோ வருவதில்லை.

புதுசாக வந்தவன்:

அடுத்த மாதம் அண்ணனுக்குக் கொடுக்கப் போகிறேன். நாங்கள் சைவம், அதனால் செல் குறையுமா? கொடுத்த மறுநாள் பைக் ஓட்டலாமா?

காவிரிக்கரை:

சைவத்தால் குறையாது தம்பி. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துக்கோங்க. பைக் பற்றி உங்க டாக்டரைக் கேளுங்க. ஜி.சி.எஸ்.எஃப். ஊசியில் மண்ணீரல் கொஞ்சம் வீங்கும், அதனால் சில நாள் பளு தூக்காதீங்க, கபடி கிரிக்கெட் வேண்டாம். இடது விலாவுக்குக் கீழேயோ இடது தோளிலோ திடீரென்று வலித்தால் வீட்டில் இருந்து பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. செல் எடுக்கிற அன்றைக்கு அரைக்கை சட்டை போட்டுப் போங்க, காலையில் தண்ணீரைப் பார்த்துக் குடிங்க. அந்த நாலு மணி நேரத்தில் எழுந்திருக்க விட மாட்டாங்க.