ஒரு கலைஞரின் கடும் நோய் ராக் குழுவின் இசையில் எங்கே கேட்கிறது?

கேள்வி: கவின்மொழி

குவீன் குழுவின் ‘இன்யுவெண்டோ’ ஆல்பத்தைச் சில வாரங்களாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். 1991 பிப்ரவரியில் அது வெளிவந்தபோது குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்கு எய்ட்ஸ் இருப்பதை யாரும் அதிகாரபூர்வமாகச் சொல்லியிருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் தேதி அவரது அறிக்கை வந்தது. மறுநாளே அவர் காலமானார். இன்று அந்த ஆல்பத்தைக் கேட்பவர்களுக்கு முடிவு முன்னரே தெரிந்திருப்பதால், சாதாரணமான ஒரு வரிகூட விடைபெறுவது போலவே காதில் விழுகிறது.

நோய் உண்மையிலேயே இசைக்குள் இறங்கியிருக்கிறதா, அல்லது நமக்குத் தெரிந்த துயரத்தை நாமே அதன்மேல் ஏற்றிக் கேட்கிறோமா? பாடல் வரிகளுக்குப் பொருள் சொல்லும் கட்டுரைகளை நிறையப் படித்துவிட்டேன். சுருதி, தாளம், பதிவு செய்த முறை, யார் எதை வாசித்தார் என்பவற்றை வைத்து நண்பர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: தந்திவடம்

வரிகளைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இசைக்கு வருகிறேன். 1989இல் வந்த ‘தி மிராக்கிள்’ ஆல்பத்திலிருந்து குவீன் தங்கள் பாடல்களை நால்வரின் பொதுப்பெயரிலேயே வெளியிட்டார்கள். அதனால், மெர்க்குரி தம் முடிவைக் குறித்து எழுதியவை என்று நாம் நம்பும் வரிகளில் சில அவர் எழுதியவையே அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘இன்யுவெண்டோ’வின் கடைசிப் பாடலான ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’ பெரும்பாலும் கிட்டார் கலைஞர் பிரையன் மே எழுதியது. உடனிருந்து பார்த்துக்கொண்டிருந்த நண்பரான மே, மெர்க்குரியின் வாயில் பொருந்தக்கூடிய சொற்களைத் தேடிக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பாட்டின் சுருதி நடுவில் ஒரு கட்டை ஏறி, பின்பு பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது. மேல் ஸ்தாயியில் வரும் இடங்களை பிரையன் மே, மாதிரிப் பதிவில் பொய்க்குரலில்தான் பாடிக் காட்டியிருந்தார். மெர்க்குரியின் உடல்நிலையில் அது இயலுமா என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. மெர்க்குரியோ முழுக்குரலில் பாடினார். ஆகவே நோயின் தடயத்தைத் தளர்ச்சியில் மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம் என்பது என் கருத்து.

நோய் இசையின் கட்டமைப்பையே மாற்றியதைக் கேட்க வேண்டுமானால், 1995 நவம்பரில் வந்த ‘மேட் இன் ஹெவன்’ ஆல்பத்துக்குப் போங்கள். ‘இன்யுவெண்டோ’ முடிந்த பிறகும், பாடுவதற்குச் சொற்களைக் கொடுங்கள் என்று மெர்க்குரி மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோவிலிருந்த ஸ்டூடியோவில், 1991 மே மாதத்தில், ‘மதர் லவ்’ பாட்டை இயந்திரத் தாளத்தின்மேல் பாடிப் பதிந்தார்கள். குழுவாகக் கூடி வாசித்து முடித்துக் குரலை ஏற்றும் வழக்கமான வரிசைக்கு அங்கே நேரம் இல்லை. கடைசிச் சரணத்துக்கு முன் மெர்க்குரி ஓய்வெடுக்கச் சென்றார். பிறகு அதைப் பாட அவர் வரவேயில்லை. அந்தச் சரணத்தை பிரையன் மே பாடியிருக்கிறார். முன்தகவல் ஏதும் இல்லாத ஒருவருக்கும் அந்த இடத்தில் குரல் மாறுவது கேட்கும். கவின்மொழி கேட்டதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

பதில்: அடித்தாளம்

கிட்டார் கலைஞர்களின் கதை வேறு வகையானது. ஏசி/டிசி குழுவின் மால்கம் யங்குக்கு மறதிநோய் வந்தபோது, 2008இல் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணத்தில், தாமே உருவாக்கிப் பல ஆண்டுகள் வாசித்த ரிஃப்களை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளை) அவர் மறுபடி உட்கார்ந்து கற்க வேண்டியிருந்தது. ஆனாலும் பயணம் முழுவதும் வாசித்தார். 2014இல் ‘ராக் ஆர் பஸ்ட்’ வந்தபோது அவர் இடத்தில் அண்ணன் மகன் ஸ்டீவி யங் இருந்தார். இருப்பினும் பாடல்கள் ஆங்கஸ், மால்கம் என்னும் இரு சகோதரர்களின் பெயரிலேயே வந்தன. ஏனெனில் இருவரும் முன்பு சேர்த்து வைத்திருந்த துணுக்குகளிலிருந்தே ஆங்கஸ் அவற்றைக் கட்டினார். அந்தக் குழுவின் அஸ்திவாரமே கம்பிகளின்மேல் மால்கமின் வலக்கை போடும் வெட்டும், இரண்டு வெட்டுகளுக்கு நடுவே அவர் விடும் மௌனமும்தான். அதை இன்னொருவர் அப்படியே காப்பாற்றித் தந்திருப்பதால், நோய் அங்கே ஒரு மாற்றமாகக் கேட்பதில்லை.

ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் கிளென் டிப்டன் தமக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018 பிப்ரவரியில் அறிவித்தார். நோய் கண்டறியப்பட்டது அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பு. அந்த இடைவெளியில், 2014இல், அவர்கள் ஒரு முழு ஆல்பத்தையே வெளியிட்டார்கள்; அதில் ஒரு நோயாளியின் கை வாசிக்கிறது என்பது கேட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

கவின்மொழி: டிப்டனின் செய்தி எனக்குப் புதிது. அப்படியானால் நம் காதைவிட நமக்குக் கிடைக்கும் தகவலே அதிகம் தீர்மானிக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: நான்காம் கம்பி

முழுவதுமாக அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதை எங்கள் சிறிய குழுவின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் பாடகிக்குத் தைராய்டு புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்த பிறகு, மேல் ஸ்தாயியில் அவருக்குக் குரல் நிற்கவில்லை. எல்லாப் பாடல்களையும் ஒரு கட்டை இறக்கினோம். கிட்டாரில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. விரல் வைக்கும் இடங்களை மாற்றினால், திறந்த கம்பிகளின் கணீரென்ற ஒலி போய்விடும். கம்பிகளையே தளர்த்தினால் விரலமைப்பு அப்படியே இருக்கும், ஆனால் ஒலி தடித்து இருண்டுவிடும். நாங்கள் தளர்த்தினோம். தளர்ந்த கம்பி வேகமான வெட்டுகளுக்கு ஈடுகொடுக்காததால் பாடல்களின் காலப்பிரமாணமும், அதாவது வேகமும், தானாகவே குறைந்தது. எவரும் சோகமாக வாசிக்க நினைக்கவில்லை. ஆயினும் கேட்டவர்கள், பாட்டெல்லாம் கனத்துவிட்டது என்றார்கள். ஜெனெசிஸ் குழுவின் 2021–22 நிறைவுப் பயணத்திலும், ஃபில் காலின்ஸ் நாற்காலியில் அமர்ந்து பாட, பாடல்கள் சுருதி இறக்கியே வாசிக்கப்பட்டன. டிரம்ஸில் அவருடைய மகன் இருந்தார்.

அதே சமயம், தகவல் நம்மை வழிதவறச் செய்யும் என்பதற்கு கனடாவின் டிராஜிக்கலி ஹிப் குழு நல்ல எடுத்துக்காட்டு. பாடகர் கோர்ட் டவுனிக்குக் குணப்படுத்த முடியாத மூளைப் புற்றுநோய் இருப்பதாக 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் ‘மேன் மெஷின் போயம்’ வெளிவந்தது. அதைப் பலர் மரணத்தை எதிர்நோக்கும் படைப்பாகவே கேட்டார்கள். ஆனால் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே அதன் பதிவு முடிந்துவிட்டது. நோயின் விளைவை அந்தக் கோடைகாலக் கச்சேரிகளில்தான் தேட வேண்டும். நினைவாற்றல் பாதிக்கப்பட்டிருந்ததால், தாம் எழுதிய வரிகளையே அவர் மேடையில் வைத்த திரைகளைப் பார்த்துப் பாடினார். 2016 ஆகஸ்ட் 20ஆம் தேதி, குழுவின் சொந்த ஊரான கிங்ஸ்டனில் நடந்த கடைசிக் கச்சேரியை கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி நாடு முழுவதும் நேரலையாக ஒளிபரப்பியது. அந்த ஆல்பத்தையும் கச்சேரிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் நீங்கள் ஏற்றிக் கேட்பது எது, பின்னதில் உண்மையாகவே இருப்பது எது என்பதைப் பிரித்தறிய அது உதவும்.