மறுமொழி: கவுண்டி ஜெயிலுக்குத் தனிச்சொல் – ‘மறியற்சாலை’

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் ‘கவுண்டி ஜெயில்’ என்பதைத் தமிழில் குறிக்க ‘உள்ளூர்ச் சிறை’ என்பதே போதும், தனிச்சொல் தேவையில்லை என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்காவில் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நடத்தும் ஜெயிலும் மாநில அரசு நடத்தும் பிரிசனும் அமைந்திருக்கும் இடத்தால் அன்று, உள்ளே இருப்பவர்களின் நிலையால் வேறுபடுகின்றன: ஜெயிலில் பெரும்பாலும் தீர்ப்புக்குக் காத்திருப்போரும் குறுந்தண்டனை பெற்றோரும், பிரிசனில் நீண்ட தண்டனை பெற்றோரும் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டின் நடுவில் ஜெயில்களில் இருந்த ஏறத்தாழ 6,63,000 பேரில் பத்துக்கு ஏழு பேர் தீர்ப்பே பெறாதவர்கள். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கும் ஏழைகள் இவர்களுள் பலர். சில வாரங்களுக்குள் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால்தான், 2019 நடுவில் 7,34,500 ஆக இருந்த எண்ணிக்கை, பெருந்தொற்றுக் காலத்தில் கைதுகள் குறைந்து விடுவிப்புகள் கூடியதும், ஒரே ஆண்டில் 5,49,100 ஆகச் சரிந்தது.

இரண்டையும் ‘சிறை’ என்றே எழுதினால் கலிபோர்னியாவின் வரலாற்றைத் தமிழில் சொல்லவே முடியாது. மாநிலச் சிறைகளில் இருப்போரின் தொகையை வடிவமைப்புக் கொள்ளளவில் (எத்தனை பேருக்கெனக் கட்டப்பட்டனவோ அந்த எண்ணிக்கையில்) 137.5 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆணையை 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல், வன்முறை சாராத குற்றங்களுக்குத் தண்டனை பெற்றோர் பலர் கவுண்டிகளின் பொறுப்பில் விடப்பட்டனர். மாநிலச் சிறையில் தளர்ந்த இடநெருக்கடி கவுண்டி ஜெயில்களில் இறுகியது. இதை எழுதப் புகுந்து ‘சிறையிலிருந்து சிறைக்கு’ என்ற சொற்றொடரில் நான் நின்றுவிட்டேன்.

‘தடுப்புச் சிறை’ என்றால் குண்டர் சட்டத்தின் தடுப்புக் காவல் நினைவுக்கு வரும். ‘கிளைச் சிறை’ தமிழகச் சிறைத்துறையில் முன்பே பொருள் உறுதிப்பட்ட பெயர். ஆகவே, தடுத்து நிறுத்தல் என்னும் பொருளுடைய ‘மறி’யிலிருந்து பிறந்ததும் இலங்கை நீதிமன்றத் தமிழில் ‘விளக்கமறியல்’ (விசாரணைக் கைதியைக் காவலில் வைத்தல்) என இன்றும் வழங்குவதுமான சொல்லையே எடுத்து, ஜெயிலுக்கு மறியற்சாலை, பிரிசனுக்குச் சிறைச்சாலை என வகுத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். ‘விளக்க’ என்ற முன்னொட்டை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறேன், ஏனெனில் குறுந்தண்டனை பெற்றோரும் அங்கே இருக்கிறார்கள்.

தமிழக வாசகருக்குச் சாலை மறியல் நினைவுக்கு வரும் என்ற தடையை நான் மறுக்கவில்லை. ஆயினும் ‘கவுண்டி மறியற்சாலை’ என்று அடையோடு எழுதும்போது அந்த மயக்கம் பெரிதும் நீங்குகிறது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘மறியலுக்குப் போனவர்’ என்பது தண்டனை பெற்றவரையும் சுட்டுவதால், ஜெயிலுக்கு ஒன்று, பிரிசனுக்கு ஒன்று என்ற இந்தப் பிரிப்பு அங்குள்ளோர் காதுக்கு இசைகிறதா என்பதை ஈழத்து அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.