ஐநா வாக்குகளை வைத்து இந்தியா–அமெரிக்கா நெருக்கத்தை அளப்பது சரியா?

கேள்வி: வடகரை

1991 முதல் 2020 வரை ஐநா பொதுச்சபையில் இந்தியாவும் அமெரிக்காவும் ஒரே மாதிரி வாக்களித்த விழுக்காட்டை ஆண்டுவாரியாக எடுத்தால், எண் மிகக் குறைவாகவே வருகிறது. 2008 அணுசக்தி ஒப்பந்தத்துக்குப் பிறகும் பெரிய ஏற்றம் இல்லை. இரு நாடுகளும் நெருங்கவில்லை என்று ஆய்வேட்டில் எழுதலாமா? அளவுகோலே தவறா?

பதில் 1: கணக்கன்

அப்படி எழுத வேண்டாம். அந்த விழுக்காடு காட்டுவது இருவருக்கும் இடையில் உள்ள தூரத்தை மட்டும்தான். தூரம் மாறினால் நகர்ந்தது யார் என்பது அதில் தெரியாது.

கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்கு எதிரான தீர்மானத்தைப் பாருங்கள். இந்தியா வழக்கமாக ஆதரிக்கும், அமெரிக்கா எதிர்க்கும். 2016இல் அமெரிக்கா நடுநிலை வகித்தது. தீர்மானம் 191–0 என நிறைவேறியது, நடுநிலை 2. 2017இல் அமெரிக்கா மீண்டும் எதிர்த்தது, 191–2. உங்கள் அட்டவணையில் 2016இல் நெருக்கம் கூடி, அடுத்த ஆண்டே குறையும். இந்தியா இருந்த இடத்திலேயே இருந்தது. மாறியது வாஷிங்டனின் நிலைப்பாடு.

இரண்டாவது சிக்கல் நிகழ்ச்சிநிரல். பாலஸ்தீனம் பற்றிய தீர்மானங்கள் ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக வருகின்றன, அவற்றில் அமெரிக்கா பெரும்பாலும் சிறுபான்மையாக நிற்கும். ஓர் ஆண்டில் அவை கூடினாலே எவருடைய கொள்கையும் மாறாமல் விழுக்காடு சரியும். தவிர, பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக நிறைவேறுகின்றன. அவை உங்கள் தரவில் இல்லை. கையில் இருப்பது சண்டை வந்த விஷயங்கள் மட்டும்.

இந்த இரண்டையும் சமாளிக்கத்தான் பெய்லி, ஸ்ட்ரெஷ்னெவ், வூட்டன் மூவரும் 2017இல் வெளியிட்ட ‘ஐடியல் பாயின்ட்’ மதிப்பீடு: வாக்குகளை வைத்து ஒவ்வொரு நாட்டின் நிலைப்பாட்டையும் ஒரு கோட்டில் ஒரு புள்ளியாகக் குறிப்பது. ஒரே வாசகத்துடன் மறுபடி வரும் தீர்மானங்களை அவர்கள் ஆண்டுகளுக்கிடையே பாலமாக வைக்கிறார்கள். கேள்வி அதேதான் என்றால், பதில் மாறும்போது மாறியது நாடு. அவர்களின் தரவு ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரு நாடுகளின் வித்தியாசத்தை மட்டும் வரையாமல், இரண்டுக்கும் தனித்தனிக் கோடு வரையுங்கள். மதிப்பீடு எவ்வளவு உறுதியானது என்று காட்டும் 5, 95 விழுக்காட்டு எல்லைகளையும் சேர்த்து வரையுங்கள். இரண்டு ஆண்டுகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் ‘மாற்றம்’ என்று துணிந்து எழுதாதீர்கள்.

பதில் 2: கோப்புக்கட்டு

மதிப்பீட்டுக்கு முன் தரவைச் சுத்தம் செய்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வூட்டனின் மூல வாக்குத் தரவில் 1 ஆதரவு, 2 நடுநிலை, 3 எதிர்ப்பு, 8 வராதவர், 9 உறுப்பினர் அல்லாதவர். 8, 9 இரண்டையும் வெற்று மதிப்பாக மாற்றாமல் கழித்தால் |8 − 1| = 7 என்று அபத்தமான தூரம் வரும். மென்பொருள் எச்சரிக்காது.

இரு நாடுகளின் வாக்குகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் சிக்னோரினோ–ரிட்டர் எஸ் மதிப்பெண்ணைக் கையால் சரிபார்ப்பது எளிது. ஒரே வாக்கு என்றால் தூரம் 0, ஆதரவும் நடுநிலையும் என்றால் 1, ஆதரவும் எதிர்ப்பும் என்றால் 2. பத்துத் தீர்மானங்களில் 6 ஒரே மாதிரி, 3 ஒருபடி விலகல், 1 நேரெதிர் என்றால் மொத்தத் தூரம் 5. எஸ் = 1 − 5/10 = 0.5. ஆனால் பொதுச்சபையில் ‘ஆதரவு’ அளவுக்கு மீறி அதிகம் என்பதால், தொடர்பே இல்லாத இரு நாடுகளுக்கும் எஸ் உயர்ந்து நிற்கும். தற்செயல் ஒற்றுமையைக் கழிக்கும் திருத்தத்தை ஹேக 2011இல் முன்வைத்தார்; அதையும் பக்கத்தில் போடுங்கள்.

அமர்வு எண்ணுடன் 1945ஐக் கூட்டினால் ஆண்டு வரும்: 77ஆவது அமர்வு 2022இல் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்கு நீளும் வாக்கெடுப்புகளும் உண்டு, எனவே தேதியைப் பார்க்காமல் நாட்காட்டி ஆண்டுத் தரவோடு இணைக்காதீர்கள். ஆய்வைப் பின்னோக்கி நீட்டினால் இன்னொரு கண்ணி: 1971 அக்டோபர் 25 வரை ஐநாவில் சீனாவின் இருக்கையில் இருந்தது தைவான் அரசு. பெலாரஸும் உக்ரைனும் 1945 முதலே உறுப்பினர்கள், ஆனால் சோவியத் காலத்தில் மாஸ்கோ வழியில்தான் வாக்களித்தன.

வடகரை

நன்றி. நடுநிலையை ‘பாதி எதிர்ப்பு’ என்று எடுப்பது நியாயமா? வராதவர்களையும் நடுநிலையோடு சேர்க்கலாமா?

பதில் 3: மூன்றாம்வரிசை

சேர்க்கக் கூடாது. நம் நாளிதழ்கள் நடுநிலைக்கும் ‘வாக்கெடுப்பைப் புறக்கணித்தது’ என்று எழுதுவதால் இந்தக் குழப்பம் வருகிறது. 2022 மார்ச் 2 உக்ரைன் தீர்மானத்தில் 141 ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 நடுநிலை. இந்தியா அந்த 35இல் ஒன்று. மிச்சம் 12 நாடுகள் வாக்கே பதிவு செய்யவில்லை. அவற்றில் வெனிசுவேலாவுக்கு அன்று வாக்குரிமையே கிடையாது: சந்தா பாக்கி இரண்டு ஆண்டுத் தொகையை எட்டினால் சாசனத்தின் 19ஆவது பிரிவு வாக்கைப் பறிக்கும். அதை நடுநிலை என்று பதிவு செய்தால் வெனிசுவேலாவின் நிலைப்பாட்டையே திரிப்பதாகும்.

‘பாதி எதிர்ப்பு’ என்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. 2023 அக்டோபர் 27 காசா தீர்மானத்தில் இந்தியா நடுநிலை. அதே அமர்வில் ஹமாஸைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் கனடாவின் திருத்தத்தை ஆதரித்தது. திருத்தம் 88 வாக்கு பெற்றும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. அதே ஆண்டு டிசம்பர் 12இல் போர்நிறுத்தத் தீர்மானம் வந்தபோது இந்தியா ஆதரவு. இறுதி வாக்கை மட்டும் எடுத்தால் நடுவில் இருக்கும் திருத்தம் காணாமல் போகும், இந்தியா தடுமாறியது போலத் தோன்றும்.

ஐடியல் பாயின்ட் மீதும் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடுக்குகிறது அது, பாலஸ்தீனமும் அணு ஆயுதமும் ஒரே அச்சில். வூட்டன் தரவில் மத்தியக் கிழக்கு, அணு, ஆயுதக் குறைப்பு, மனித உரிமை, காலனியம், பொருளாதாரம் என்று குறியீடுகள் இருக்கின்றன. மத்தியக் கிழக்கை நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். முடிவு புரண்டால் உங்கள் எண் அளந்தது இஸ்ரேல் விவகாரத்தைத்தான். பிறகு எண்ணை அதிகம் அசைக்கும் பத்துப் பதினைந்து தீர்மானங்களுக்கு, ஐநா டிஜிட்டல் நூலகத்தில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைத் திறந்து இந்தியத் தூதரின் வாக்கு விளக்கத்தைப் படியுங்கள்.