வேறொருவரின் சுங்கான்: சாயம் தேமல் தேமலாகப் பிடித்திருக்கிறது, விரலிலும் ஒட்டுகிறது. உதவி வேண்டும்

பொள்ளாச்சி பாலீஷ்:

வணக்கம். கட்டில், ஊஞ்சல், கதவுக்கு பாலீஷ் போடுவதுதான் என் தொழில். முதல் தடவையாக ஒரு சுங்கானுக்கு, அதாவது புகையிலை பிடிக்கும் மரக் குழாய்க்கு, சாயம் ஏற்றி, நடுவழியில் நிற்கிறேன்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவருடையது. அவருடைய அப்பா வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் பிடித்ததாம். தண்டில் பொடி எழுத்தில் 'லண்டன் மேட்' என்று அச்சு இருக்கிறது. "அப்பா கையில நாவல்பழம் மாதிரி மின்னும்பா. இப்ப வெளுத்துப்போச்சு. பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து குடு" என்று கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் பிடிப்பார்.

180 உப்புத்தாள், அப்புறம் 320. ஸ்பிரிட்டில் கரைந்த கறுப்பு லெதர் சாயம் ஒரு கை. காய்ந்ததும் 400 போட்டு இழைத்துவிட்டு, மேலே கருஞ்சிவப்பு. கிண்ணத்தின் பக்கங்கள் அருமையாக வந்தன. ஆனால் கிண்ணமும் தண்டும் சேரும் மடிப்பில் தேமல் மாதிரி வெளுப்பு. முன்பக்கம் மிளகு அளவில் இரண்டு புள்ளிகளில் சாயம் ஏறவே இல்லை. இரண்டு நாள் ஆகியும் கையில் எடுத்தால் விரல் சிவக்கிறது.

என்.சி. கிளியர் (மரச்சாமானுக்கு மேலே அடிக்கும் நிறமற்ற லாக்கர்) ஒரு கோட் அடித்தால் சாயம் நின்றுவிடுமா? வாயில் வைக்கும் கறுப்புக் குழலும் பச்சையும் பழுப்புமாக இருக்கிறது. அதில் பல் பட்ட பள்ளம் இரண்டு. பட்டி வைத்து அடைக்கலாமா?

கடைசல்காரன், திருச்சி:

தம்பி, கிளியர் டப்பாவை மூடி வையுங்கள். கட்டில் சூடாவதில்லை, சுங்கான் சூடாகும். கிளியரும் பி.யு. (பாலியூரிதேன்) வார்னிஷும் மரத்தின் மேல் தோல் மாதிரி படிகிறவை. உள்ளே நெருப்பு இருக்கும்போது அந்தத் தோல் கொப்பளிக்கும், இல்லையென்றால் உரியும். அதைப் பிடிக்கிறவர் வயதானவர் வேறு.

உங்கள் தேமலுக்குக் காரணமும் அதே தோல்தான் என்று நினைக்கிறேன். தொழிற்சாலையில் அடித்த பழைய வார்னிஷ் மடிப்பில் மிச்சம் இருக்கும். தாளை எப்படி மடித்தாலும் அந்த இடுக்குக்குள் போகாது. காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தின்னரில் தொட்டு, வெளுத்த இடத்தில் உருட்டிப் பாருங்கள். பஞ்சு பிசுபிசுவென்று இழுத்தால் வார்னிஷ் இருக்கிறது என்று அர்த்தம். இழுப்பு நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றி உருட்டுங்கள். அதற்கு முன் குழலைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

மிளகுப் புள்ளி வேறு விஷயம். அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா, கரைந்து மங்குகிறதா என்று பாருங்கள். வெட்டினதுபோல் இருந்தால் அது பட்டி. இந்த மரம் பிரையர். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரில் வேரும் தண்டும் சேரும் இடத்தில் திரளும் முண்டு. பிரான்சில் செயிண்ட் குளோட் ஊர்க்காரர்கள் 19ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்தே இதில் சுங்கான் செய்கிறார்கள். நெருப்பைத் தாங்கும் என்பதால்தான் இந்த முண்டைத் தேடிப் போனார்கள். மண்ணுக்குள் வளர்கிற கட்டை என்பதால் உள்ளே குழிகள் இருக்கும். செய்கிறவர்கள் பட்டி வைத்து அதை மூடிவிடுவார்கள். பட்டி சாயம் குடிக்காது. கறுப்பு பெர்மனென்ட் மார்க்கரால் அந்தப் புள்ளியை மட்டும் தொட்டு, மேலே சாயம் கொடுங்கள். கூர்ந்து பார்த்தால் தெரியும், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. தோண்டி எடுக்க வேண்டாம், பள்ளம் எவ்வளவு ஆழம் போகும் என்று சொல்ல முடியாது.

ஒன்று கேட்கிறேன். அச்சு மேல் 180 போட்டீர்களா?

பொள்ளாச்சி பாலீஷ்:

போட்டேன் அண்ணே. இரண்டு இழுப்பு. பெரியவர் அந்த எழுத்தைக் காட்டித்தான் கொடுத்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது. எழுத்து இருக்கிறது, 'மேட்' கொஞ்சம் மங்கிவிட்டது.

புள்ளியின் ஓரம் நீங்கள் சொன்னதுபோலவே வெட்டு மாதிரிதான் இருக்கிறது.

கடைசல்காரன், திருச்சி:

போனது போகட்டும். இனி அச்சு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். பெரியவரிடம் நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள், அவராகக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

இப்போது விரலில் ஒட்டுவது. சாயம் மரத்துக்குள் போனதுதான் நிற்கும். மேலே தங்கியது எப்போதும் கையோடு வரும். நாம் மரச்சாமானுக்குப் போடுகிற பழக்கத்தில் நிறம் போதவில்லை என்று இன்னொரு கை, இன்னொரு கை என்று கொடுத்துவிடுகிறோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை லேசாக நனைத்து, முழுக்கத் துடையுங்கள். துணி சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம். ஒரு ராத்திரி காயவிட்டு, மறுபடி வெள்ளைத் துணியால் உலர்வாகத் தேயுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை மெழுகு போடாதீர்கள்.

அடியில் கறுப்பு கொடுத்து இழைத்தது நல்ல முறை. மென்மையான ரேகை கறுப்பைப் பிடித்துக்கொள்ளும், கெட்டியானது விட்டுவிடும், அதன் மேல் சிவப்பு வரும்போது ரேகை எழுந்து நிற்கும். மடிப்பில் வார்னிஷ் போன பிறகு அங்கே மட்டும் கறுப்பிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

கிண்ணத்துக்குள் சாயம் வழிந்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். எரியும் இடத்தில் சாயம் இருக்கவே கூடாது. பாலீஷ் கடை ஸ்பிரிட் உள்ளே படக்கூடாது, அதில் நஞ்சு கலந்திருக்கும். உள்ளே இருக்கும் கரியை வழித்து எடுத்துவிடாமல் 1 மில்லிமீட்டர் அளவுக்கு விடுங்கள், அதுதான் மரத்துக்குக் காப்பு. ரொம்பத் தடித்திருந்தால் மட்டும் குறையுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும்.

கடைசியாகக் கார்னூபா மெழுகு. அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 60 சொச்சத்திலேயே இளகிக் கை பிசுபிசுக்கும். கார்னூபா கெட்டி, கையால் தேய்த்தால் ஏறாது. டிரில்லில் பருத்தி வீல் மாட்டி, வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கூடு:

அண்ணா, குழலைப் பற்றி நான் சொல்கிறேன். நான் எபோனைட் பேனா பழுது பார்ப்பவள், அந்தக் குழலும் பெரும்பாலும் எபோனைட்தான். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு இப்படித்தான் பழுப்பேறும். வாட்டர் பேப்பர் 600, 1000, 2000 என்று தண்ணீர் தொட்டு இழையுங்கள். தேய்க்கும்போது தீக்குச்சி கிழித்த மாதிரி வாசம் வந்தால் எபோனைட்தான். வெந்நீரில் போடாதீர்கள், இன்னும் பழுப்பாகும். மரத்தோடு சேரும் விளிம்பை மட்டும் குழலைச் செருகி வைத்தே இழையுங்கள். தனியாக இழைத்தால் முனை உருண்டு, மூட்டில் படி விழும்.

பல் பள்ளத்துக்குப் பட்டி தேவையில்லை. லைட்டர் சுடரின் மேலே நிறுத்தாமல் நாலைந்து தடவை ஓட்டினால் எபோனைட் தானாக எழும்பும். ஆனால் செய்வதற்கு முன் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது யாருடைய பல் என்று நமக்குத் தெரியாது.

பொள்ளாச்சி பாலீஷ்:

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். மடிப்பில் வார்னிஷ்தான். ஏழு பஞ்சுக்குச்சி ஆனது. துணி வெள்ளையாக வர மூன்று ராத்திரி பிடித்தது. மிளகுப் புள்ளிகள் எங்கே என்று இப்போது நானே தேடவேண்டியிருக்கிறது.

மெழுகு போடுவதற்கு முன் பெரியவர் வீட்டுக்குப் போய் அச்சு மங்கியதைச் சொன்னேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "படிக்க முடியுதே, போதும்" என்றார். பல் பள்ளத்தைக் கேட்டேன். கட்டைவிரலை அதில் வைத்துத் தடவினார். "அப்பா இடது பக்கமாத்தான் கடிப்பாரு. இது இருக்கட்டும்" என்றார். பள்ளத்தைச் சுற்றி மட்டும் இழைத்து, அதற்குள் இருந்த பழுப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

மெழுகு ஏற்றியாயிற்று. நாவல்பழ நிறம்தான். நாளைக்குக் கொடுக்கிறேன். அவரிடம் ஏதாவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

கடைசல்காரன், திருச்சி:

முதல் இரண்டு மூன்று தடவை பாதிக் கிண்ணம் போதும், மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். சூடு ஆறும்வரை குழலைத் திருகிக் கழற்றக் கூடாது, தண்டு விரிசல் விடும். வெயில் படும் ஜன்னலில் வைக்க வேண்டாம்.